பூக் கேட்க மாட்டேன்

மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்குப் பூச்சாட்டி மூன்றாம் நாள் காலை, கோவில் தர்மகர்த்தா நாச்சிமுத்து பழனியம்மாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றவில்லை. வந்த விஷயம் நல்ல விஷயம் இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

"உள்ள வாங்கண்ணா. காப்பி வெக்கறேன்."

"இருக்கட்டும் தங்கச்சி. பக்கத்துப் பட்டறைல தறி ஓடற சத்தத்துல ஒண்ணும் பேச முடியாது. இப்பிடி வெளிய வா."

அவள் கையை ஊன்றி எழுந்து வந்தாள். நாச்சிமுத்து கைப்பேசியை நீட்டினார். அதில் என்ன வீடியோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் செல்லாயி முதல் நாளே கொண்டுவந்து காட்டியிருந்தாள். காட்டியதோடு நிற்காமல் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தாள்.

பழனியம்மாளின் மகள் கோகிலவாணி சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆறு வருஷமாக அவளோடு சூரமங்கலத்தில் ஒரே வீட்டில் இருப்பவள் அன்புச்செல்வி. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், ரயில்வே ஆபீஸில் எழுத்தர். பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தைச் சட்டம் ஏற்குமா என்ற வழக்கில், அதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசி ஓய்ந்த பிறகு, ஒரு யூடியூப்காரர் இவர்கள் இருவரிடமும் மைக்கை நீட்டியிருக்கிறார். கோகிலவாணி சொன்னது பதினெட்டு நொடிதான். "கோர்ட்டு பேர் வெக்காட்டிப் போகுது. நாங்க ஒரு குடும்பந்தான்."

"நான் உன்ற புள்ளைய வைய வரல" என்றார் நாச்சிமுத்து. "வருசா வருசம் உங்க ஊட்டு மாவிளக்கு கோவிலுக்கு வருது. இந்த வருசமும் வரட்டும். கோகிலா எடுக்கட்டும். ஆனா அந்த ஆத்தூர்ப் புள்ளையும் கூட நின்னு, ரெண்டு பேரும் ஒரே தட்டப் புடிச்சுட்டு வரக்கூடாது. ஒரு தட்டுன்னா ஒரு குடும்பம். ஊர் பேசுது."

"அது வேண்டுதலுங்கண்ணா" என்றாள் பழனியம்மாள்.

அது அவருக்கும் தெரியும். போன வருஷம் திருவிழா முடிந்த பிறகு அவள் பட்டறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் சூரமங்கலத்தில் கிடந்தாள். கோகிலவாணிக்கு லீவு கிடைக்கவில்லை, அன்புச்செல்வி போட்டாள். படுக்கையிலேயே குளிப்பாட்டி, தலை வாரி, முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டவள் அவள்தான். ஒரு மத்தியானம் வலி தாங்காமல், "தாயே, நான் எழுந்து நடந்தா என்ற ரெண்டு புள்ளைகளும் உனக்கு மாவிளக்கு எடுப்பாங்க" என்று பழனியம்மாள் வேண்டிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகுதான் ரெண்டு என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. பெற்றது ஒன்றுதான். ஆனால் மாற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வேண்டுதல் இல்லீன்னு சொல்லல" என்றார் நாச்சிமுத்து. அவர் கெட்டவர் இல்லை. நாலு பேர் சத்தம் போட்டால் ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்கிறவர், அவ்வளவுதான். "நானும் சொல்ல வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை பூக் கேட்டுருவோம். அம்மன் சொன்னா ஆரு மறுத்துப் பேசறது?"

"சரிங்கண்ணா" என்று பழனியம்மாள் சொல்லிவிட்டாள்.

யோசித்துச் சொன்னதல்ல, பழக்கம். பூக் கேட்கலாம் என்றால் அவள் சரி என்பாள். அம்மனின் வலத் தோளில் ஒரு பூ, இடத் தோளில் ஒரு பூ, நனைத்து ஒட்டி வைப்பார்கள். காரியம் யாருடையதோ அவர் எதிரே நின்று வாய் திறந்து கேட்க வேண்டும். வலப்பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பூ விழுந்தால் ஆகாது. போர்வெல் போட, தறி வாங்க, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் பூதான். பழனியம்மாள் அளவுக்குக் கேட்டவர்கள் யாரும் இல்லை. எருமையை விற்கலாமா என்று கேட்கப் போய், பூ விழுவதற்குள் எருமை கன்று போட்டுவிட்டது என்று டீக்கடைச் சின்னண்ணன் இன்றும் கேலி செய்வான்.

ஆனால் ஒரு பூவைப் பற்றி மட்டும் யாரும் கேலி செய்வதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த நந்தகுமாரைக் கோகிலவாணிக்குப் பார்த்தார்கள். பழனியம்மாள் பூக் கேட்டாள். வலப்பூ பட்டென்று விழுந்தது. "வேண்டாம்மா, என்னால முடியாது" என்று மகள் மூன்று நாள் அழுதாள். "அம்மனே சொல்லிட்டா, நீ என்னடி சொல்றது?" என்றாள் தாய். உறுதி செய்யும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலை முதல் பஸ்ஸில் கோகிலவாணி ஊரை விட்டுப் போனாள். இரண்டு வருஷம் வாசல் மிதிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் இருவரும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கோகிலவாணி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கேக்கட்டும்மா. பாதிக்குப் பாதி. வலப்பூ விழுந்தா இந்த ஊர் வாயி ஒரேயடியா மூடும்."

"விழாட்டி?" என்றாள் பழனியம்மாள்.

"விழாட்டி நாங்க சேலம் போயிட்டு வாரோம். அங்க மட்டும் என்ன வாழுது? வீட்டுக்காரரு இப்பவே காலி பண்ணச் சொல்லி ஜாடை பேசறாரு."

அன்புச்செல்வி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள். "அம்மா, எங்க வீட்ல என்னைச் சேக்கல. அது பழகிப்போச்சு. ஆனா எனக்காக உங்களுக்கு இந்த ஊர்ல ஒரு சொல் வரக்கூடாது. நான் காலையில போயிடறேன். கோகி மட்டும் தட்டு எடுக்கட்டும். உங்க வேண்டுதல்ல பாதியாவது நிறைவேறும்."

பழனியம்மாள் முறத்தை அவள் கையிலிருந்து வாங்கி, "இது மாவிளக்குக்கு ஆகற அரிசி, நல்லாப் பாரு" என்று சொல்லித் திரும்பவும் அவள் கையிலேயே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கோவில் முன்மண்டபம் நிறைந்துவிட்டது. சாதாரணமாகப் பூக் கேட்பதற்குப் பத்துப் பேர் வருவார்கள். அன்று வேடிக்கை பார்க்க ஊரே வந்ததில் கறிக்கடைகூட மூடியிருந்தது. பெண்கள் இருவரும் உள்ளே வந்தபோது சின்னண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏஞ் சாமி, ஒரு சந்தேகம். உங்க ரெண்டு பேருல ஆரு சட்னி அரைக்கறது?"

நாலு பேர் சிரித்தார்கள். அன்புச்செல்வி நின்றாள்.

"உங்க கடையில தினமும் சட்னி அரைக்கிறது நீங்கதானே அண்ணா? அப்ப உங்க வீட்ல நீங்க யாரு?"

இப்போது நாற்பது பேர் சிரித்தார்கள். சின்னண்ணனின் மனைவியே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும்" என்று நாச்சிமுத்து குரலை உயர்த்தினார். "பெரிய கோர்ட்டே ஏத்துக்காதத நம்ம ஊரு ஏத்துக்கோணுமா?"

"கல்யாணம்னு நாங்களே எழுதித் தர முடியாதுன்னுதான் மாமா கோர்ட்டு சொல்லுச்சு" என்றாள் கோகிலவாணி. "சேந்து வாழக்கூடாதுன்னு சொல்லல. எங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னும் சொல்லியிருக்குது. அதையும் குழுவுல போடுங்க."

"சட்டம் பேசற எடமா இது? அப்புசாமி, ஆரம்பிப்பா."

பூசாரி அப்புசாமி இரண்டு அரளிப்பூவை நனைத்து அம்மனின் தோள்களில் வைத்தார். கற்பூரம் காட்டினார். மண்டபம் அடங்கியது.

"வா ஆத்தா. வாய் தொறந்து கேளு."

பழனியம்மாள் முன்னே வந்தாள். அம்மனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ முறை அதே இடத்தில் நின்று கேட்டிருக்கிறாள். வார்த்தை தானாக வரும். அன்று வரவில்லை. கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள். பிறகு கண்ணைத் திறந்து, மெல்ல, வலிக்கும் காலைப் பார்த்து வைத்து, அம்மனுக்கு முதுகு காட்டாமல் ஓரமாக விலகிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏழு வருசத்துக்கு முன்னால இங்க நின்னு கேட்டனுங்க. வலப்பூ விழுந்துச்சு. மாப்பள நல்லவனான்னு நான் கேட்டேன். நல்லவந்தான். வேற பொண்ணு கட்டி இன்னைக்கும் நல்லா இருக்கறான். அம்மன் பொய் சொல்லலீங்க. நாந்தான் ஆருகிட்டக் கேக்கோணுமோ அவகிட்டக் கேக்கல. என்ற புள்ளைய ஒரு வார்த்தை கேக்காம அம்மனக் கேட்டுட்டு, அம்மன் சொல்லிட்டா, சொல்லிட்டான்னு அவ வாய அடைச்சேன். ரெண்டு வருசம் அவ உசுரோட இருக்கறாளா இல்லியான்னுகூட எனக்குத் தெரியாது."

வலிக்கும் காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள்.

"நான் பூக் கேக்க மாட்டனுங்க. பெத்த புள்ளைய ஊட்டுல சேத்தலாமா, எனக்குப் பீ மூத்திரம் அள்ளுன புள்ளைக்குச் சோறு போடலாமான்னு ஒருத்தி வந்து கேட்டா, அந்தச் சாமி அவ மூஞ்சில காறித் துப்பாதுங்களா?"

"பழனியம்மா!" நாச்சிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது. "ஊரக் கூட்டி வெச்சுட்டு இப்ப மாட்டேங்கற. அம்மனுக்கு மேல நீயா?"

"அம்மனுக்குக் கீழதானுங்கண்ணா. உங்களுக்குக் கீழ இல்லீங்க."

மண்டபத்தில் ஒரே சத்தம். அவமரியாதை என்றார்கள் சிலர். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்த்தபோது குரல் அடங்கிவிட்டது. இந்தச் சத்தத்தில் ஒரு பூ விழுந்தது. எந்தப் பூ என்று அப்புசாமி மட்டும்தான் பார்த்தார். அவர் இரண்டையும் அள்ளித் தட்டில் போட்டு, "கேக்காத கேள்விக்கு அம்மன் பதில் சொல்றதில்ல" என்று திரையை இழுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊருக்குப் பயந்தவர் அவர். அன்று அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தார்.

"பூக் கேக்காட்டித் தட்டு எடுக்கக்கூடாது" என்றார் நாச்சிமுத்து.

"எடுப்போமுங்க" என்றாள் பழனியம்மாள்.

புதன்கிழமை மாவிளக்கு. செவ்வாய் முழுக்க யாரும் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வழக்கமாக நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து மாவு இடிப்பார்கள். இந்த முறை மூன்று பேர் மட்டும். பெண்கள் இருவரும் மாற்றி மாற்றி உலக்கை போட, பழனியம்மாள் உட்கார்ந்து சலித்தாள். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு விளக்குகள் பிடித்து, நடுவே குழித்து நெய் விட்டு, திரி போட்டு, ஒரே பித்தளைத் தட்டில் வைத்தார்கள்.

அன்புச்செல்வி தட்டின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அடிச்சாங்கன்னா?" என்றாள் மெதுவாக.

"அடிச்சா மூணு பேரும் வாங்குவோம்" என்றாள் பழனியம்மாள். "தட்ட மட்டும் கீழ வெக்காதீங்க."

அந்தக் கோவிலில் ஒரு முறை உண்டு. மாவிளக்கை யாரும் தீப்பெட்டியால் பற்ற வைப்பதில்லை. தெருவில் வீடுகள் இருக்கும் வரிசைப்படி பெண்கள் கோவில் வாசலில் நிற்பார்கள். முதல் வீட்டுக்காரி அம்மன் சந்நிதி விளக்கிலிருந்து நெருப்பு எடுப்பாள். அவள் தன் விளக்கிலிருந்து அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். வாங்கியவள் அதற்கு அடுத்தவளுக்கு. ஒருத்தியைத் தாண்டி இன்னொருத்திக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் நெருப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். நெருப்பு அறுந்த வருஷம் மழை தவறும் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

மூவரும் போய்த் தங்கள் வீட்டு இடத்தில் நின்றபோது வரிசை சட்டென்று பேச்சை நிறுத்தியது. அவர்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் செல்லாயி. பின்னால், தெருவில் அடுத்த வீடான தர்மகர்த்தா வீட்டிலிருந்து நாச்சிமுத்துவின் மனைவி ராமாயி. அவளுக்குப் பின்னால் இன்னும் அறுபது தட்டுகள்.

நெருப்பு ஒவ்வொருத்தியாக நகர்ந்து செல்லாயியிடம் வந்தது. அவளுடைய இரண்டு திரிகளும் எரிந்தன. நாச்சிமுத்து வேகமாக வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"செல்லாயி, நீ உள்ள போ. திரும்பாத."

செல்லாயி ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

"போன்னு சொல்றனில்ல?"

"போனா நெருப்பு அறுந்துருமுங்க."

"தாண்டிப் பின்னாலக் குடு."

"தாண்டிக் குடுத்தாலும் அறுந்துருமுங்களே."

நாச்சிமுத்துவுக்கு அது தோன்றியிருக்கவில்லை. பழனியம்மாளைப் பார்த்தார். "நீயாவது வெலகு தங்கச்சி. ஊருக்காக."

"வெலக மாட்டனுங்க" என்றாள் பழனியம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. "ஆரையும் திட்டல. ஆர்கிட்டயும் பிச்சை கேக்கல. எங்க ஊட்டு எடத்துல நிக்கறோம். நெருப்பு வந்தா வாங்கிக்குவோம். வராட்டி இருட்டற வரைக்கும் நிப்போம்."

மாசி மாதத்து மத்தியான வெயில். நெய் உருகித் திரியைத் தாண்டி வழிந்தது. வெல்ல மாவில் ஈ மொய்த்தது. வரிசையின் பின்பக்கம் முணுமுணுக்க ஆரம்பித்தது. "என்னாச்சு முன்னால?" "ஏனுங்க, எங்க விளக்கு கரஞ்சு பணியாரம் ஆயிரும்போல இருக்குதுங்க!" "அந்தப் புள்ளைகள வெளிய போகச் சொல்லுங்க." "எதுக்குப் போகோணும்? அவங்க ஊட்டு எடந்தான?" கோகிலவாணி ஈயை ஊதி விரட்டினாள். அன்புச்செல்வி தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரின் நாலு கைகளும் அந்த ஒரு தட்டின் கீழே இருந்தன.

ராமாயி பின்னாலிருந்து கேட்டாள். "ஏனுங்க, நீங்க பாட்டுக்கு நிறுத்தி வெச்சுட்டீங்க. நம்மூட்டு விளக்குக்கு நெருப்பு எங்கிருந்து வருமுங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 

செல்லாயி திரும்பினாள். அவளுடைய முகத்தில் நட்பு ஒன்றும் இல்லை. கோபம்தான் இருந்தது, யார் மேல் என்று அவளுக்கே தெரியாத கோபம்.

"இங்க பாரு பழனியம்மா. நீ பண்றது எனக்குப் புடிக்கல. இந்தப் புள்ளைக பண்றதும் புடிக்கல. அந்த வீடியோவப் போட்டதும் நாந்தான். நாளைக்கும் பேசத்தான் செய்வேன்."

"பேசு" என்றாள் பழனியம்மாள்.

"ஆனா அம்மன் ஊட்டு நெருப்பு. எனக்குக் குடுத்தவ என்ற யோக்கியத என்னன்னு கேட்டா குடுத்தா? நிறுத்தி வெக்கறதுக்கு நான் ஆரு?" நாச்சிமுத்து அவள் கையைப் பிடிக்க நகர்ந்தார். செல்லாயி தட்டை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். "தொடாதீங்க. விளக்கு அணஞ்சா பாவம் உங்களுக்கு."

அவள் தன் தட்டைச் சாய்த்தாள். கோகிலவாணியின் பக்கத்துத் திரி உடனே பிடித்தது. அன்புச்செல்வியின் பக்கத்துத் திரி நெய்யில் மூழ்கிப் போயிருந்தது, பிடிக்கவில்லை. செல்லாயி வைதுகொண்டே விரலால் திரியை நிமிண்டி மேலே இழுத்து மறுபடி காட்டினாள். சூடு பட்டு, விரலை உதறினாள். அதுவும் எரிந்தது. அவள் உள்ளே போனாள்.

ஒருவருக்கு நல்லது செய்ய அவரை முழுக்கப் புரிந்துகொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. செல்லாயி காத்திருக்கவில்லை. உள்ளே போய் அம்மன் முன்னால் நின்று என்ன வேண்டினாளோ, அது அவளுக்கும் அம்மனுக்கும்.

இப்போது அவர்கள் திரும்பி ராமாயிக்குக் கொடுக்க வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்காத ராமாயி" என்றார்.

"வாங்காட்டி?"

"வாங்காட்டி... வாங்காத."

"நாப்பது வருசமா இந்த வரிசைல நிக்கறேன். நெருப்பு வேண்டாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இன்னைக்கு உங்களுக்காகச் சொல்லோணுமா?" ராமாயி முன்னே வந்து தட்டை நீட்டினாள். அன்புச்செல்வி தன் பக்கத்து விளக்கைச் சாய்த்தாள். சுடர் ராமாயியின் திரியைத் தொடாமல் இப்படியும் அப்படியும் ஆடியது. ராமாயி தன் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அவளுடைய மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"கைய ஆட்டாத சாமி. நெய் கொட்டிரும்."

திரி பிடித்தது. ராமாயி அடுத்தவள் பக்கம் திரும்பினாள். போகிற போக்கில் கணவரிடம், "வழிய மறிச்சுட்டு நிக்காதீங்க, தள்ளுங்க" என்றாள். வரிசையில் ஒரு பெண், எரியாத தட்டோடு விலகி வீட்டுக்குப் போனாள். இன்னொருத்தி போகலாமா என்று யோசித்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நெருங்கி வந்து இடத்தை நிரப்பினார்கள். நெருப்பு நகர்ந்தது.

பழனியம்மாள் இரண்டு பெண்களுக்கும் நடுவே, தட்டில் தானும் ஒரு கை வைத்து, படியேறினாள். சந்நிதியில் அப்புசாமி தட்டை வாங்கினார். வாசலில் நாச்சிமுத்து இன்னும் நின்றிருந்தார். அவரைச் சுற்றி வேறு ஏழெட்டு ஆண்களும் சேர்ந்திருந்தார்கள். நாளைக்குப் பேச்சு இருக்கும். சேலத்தில் வீட்டுக்காரர் இருக்கிறார். சட்டம் இன்னும் வரவில்லை.

"ஆரு பேருக்கு ஆத்தா?" என்றார் அப்புசாமி, தலையைக் குனிந்துகொண்டு.

"பழனியம்மாள். கோகிலவாணி. அன்புச்செல்வி."

"மூணு ஊடுங்களா?"

"ஒரே ஊடுங்க" என்றாள் பழனியம்மாள், வாசல் வரைக்கும் கேட்கும்படி.